பவர் ஸ்டியரிங்கைக் கழற்றிவிடலாம் என்று சொல்லும் பணிமனைகள்: காரைக்குடியில் நாங்கள் ஏமாந்த விவரம்

பழைய சிறிய கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாகக் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள், பணிமனையில் யாராவது பவர் ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டு மேனுவல் ஸ்டியரிங் போட்டுத் தருவதாகச் சொன்னால், சரியென்று தலையாட்டுவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்களிடம் மேனுவல் ரேக் (ஸ்டியரிங்கின் சுழற்சியை முன்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பல் வைத்த தண்டு) மாற்றியதாக 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பழைய பவர் ரேக்கையே வண்டியில் விட்டுவிட்டு, அதன் எண்ணெய்த் துவாரங்களில் போல்ட்டை முறுக்கி அடைத்து அனுப்பிவிட்டார்கள். அது தெரியாமல் ஏழு வாரம் என் அப்பச்சி (அப்பா) அந்த வண்டியை ஓட்டியிருக்கிறார்.

வண்டி 2005-இல் வாங்கியது. மாடலின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், ஏனென்றால் குறை வண்டியுடையது அன்று. அதில் இருந்தது ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங், அதாவது எஞ்சின் ஓடும்போது பெல்ட்டு வழியாக ஒரு பம்பு சுழன்று, எண்ணெயை அழுத்தத்தோடு ஸ்டியரிங் ரேக்குக்கு அனுப்பும் பழைய முறை. இப்போது வரும் சிறிய கார்களில் பெரும்பாலும் மின்மோட்டார்தான் அந்த வேலையைச் செய்கிறது. அவற்றில் எண்ணெயும் இல்லை, ஹோஸும் இல்லை. ஆகவே நான் எழுதுவது அவற்றுக்குப் பொருந்தாது. சென்ற தை மாதத்தில், பள்ளத்தூர் வீட்டுக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் காலைதோறும் ஐந்து ரூபாய்க் காசளவு சிவப்புக் கறை விழத் தொடங்கியது. ஆயில் டப்பாவை நிரப்பினால் நான்கு நாளில் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடும். சக்கரத்தைக் கடைசிவரை ஒடித்தால் பம்பு முனகியது.

வழக்கமாக வண்டி விடும் பணிமனையில் அந்த வாரம் ஆள் இல்லாததால், தெரிந்தவர் ஒருவர் சொல்லிக் காரைக்குடியில் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனேன். அதன் உரிமையாளர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, ரேக்குல சீல் போயிருச்சு. இந்த மாடலுக்குப் புது பவர் ரேக்கு இனிமே கெடைக்காது. பவரைக் கழட்டிட்டு மேனுவல் ரேக்கு போட்டுத் தந்துர்றேன், எஞ்சினுக்கும் பாரம் கொறையும்” என்றார். இதில் பொய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு உதிரிபாகம் அரிதாவது உண்மை. நேராகப் போகும்போதும் பம்பு சுழன்றுகொண்டே இருப்பதால் எஞ்சினின் சக்தியில் ஒரு சிறு பங்கை அது எடுத்துக்கொள்வதும் உண்மை. எங்கள் மாடலிலேயே விலை குறைந்த வகை மேனுவல் ரேக்குடன்தான் வெளிவந்தது. அதனால்தான் நம்பினேன். ரேக்குக்கு 9,000, கூலி 5,500 என்று பேசி, இரண்டாம் நாள் மாலை வண்டியை எடுத்துவந்தோம்.

எடுத்த அன்றே ஸ்டியரிங் கல்லாக இருந்தது. கேட்டதற்கு, “மேனுவல்னா அப்படித்தாண்ணே இருக்கும், ஓட்ட ஓட்டப் பழகிரும்” என்றார். அப்பச்சிக்கு வயது 71. கோட்டையூர் தாண்டிக் காரைக்குடிக்குப் போய் வருவதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. ஆனாலும், செலவு செய்தது வீண் என்று நான் வருந்துவேன் என நினைத்து, தோள்வலியை என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார். சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போனபோது, குன்றக்குடி அருகே ஒரு வளைவில், ஒடித்த சக்கரம் தானாகத் திரும்பி வரவில்லை. பொதுவாக வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானே நேராகும். அன்று அது ஒடித்த இடத்திலேயே நின்றது. எதிரே பேருந்து வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கையைக் கொடுத்து இழுத்த பிறகுதான் வண்டி நேரானது. அதன்பின் அப்பச்சியிடம் சாவியைக் கொடுக்கவில்லை.

தேவகோட்டையில் எனக்கு நீண்டநாள் பழக்கமான மெக்கானிக் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: “இந்தக் கடைசியிலேருந்து அந்தக் கடைசிக்கு எத்தனை சுத்து வருது சார்?” முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை திருப்பி எண்ணினேன். மூன்று சுற்றும் கொஞ்சமும் வந்தது. எங்கள் மாடலின் பவர் ரேக்குக்கும் அதே மூன்றுதான் கணக்கு. “அப்ப ரேக்கை மாத்தவே இல்லை” என்றார் அவர், வண்டியைப் பார்க்காமலே.

காரணம் இது. பவர் ரேக்கில் எண்ணெய் உதவும் என்பதால், குறைந்த சுற்றில் சக்கரம் நிறையத் திரும்பும்படி பல்லை அமைப்பார்கள். மேனுவல் ரேக்கில் கை மட்டும்தான் வேலை செய்ய வேண்டும் என்பதால், அதிகச் சுற்றில் இலேசாகத் திரும்பும்படி அமைப்பார்கள். எங்கள் மாடலில் அது ஏறத்தாழ நான்கு சுற்று. எல்லா மாடலிலும் இந்த வேறுபாடு இதே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வேலைக்கு விடும்முன் ஒருமுறையும், எடுத்தபின் ஒருமுறையும் எண்ணிப் பார்ப்பதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். நான் எண்ணியிருந்தால் அந்த ஏழு வாரம் நேர்ந்திராது.

தேவகோட்டையில் வண்டியை லிஃப்டில் ஏற்றியபோது என்னையும் அடியில் வந்து பார்க்கச் சொன்னார். ஸ்டியரிங் தண்டு வந்து சேரும் இடத்தில், கட்டைவிரலைப் போலத் தடித்த ஓர் அலுமினிய உருளை நிற்கிறது, அதுதான் வால்வு. அதிலிருந்து ரேக்கின் குழாயோடு ஒட்டி இரண்டு மெல்லிய இரும்புக் குழாய்கள் இடமும் வலமுமாக ஓடுகின்றன. மேனுவல் ரேக்கில் அந்த வால்வும் கிடையாது, அந்தக் குழாய்களும் கிடையாது. பம்பிலிருந்து எண்ணெய் வரும் துவாரத்திலும், டப்பாவுக்குத் திரும்பிப் போகும் துவாரத்திலும் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றிய இரண்டு சாதாரண போல்ட்டுகள் முறுக்கப்பட்டிருந்தன. ஒன்றின் தலையில் ஸ்பேனர் நழுவிய கீறல்கூடப் பளபளப்பாக இருந்தது. ரேக்கின் மேல் தூசி படிந்து, பழைய கசிவில் குழைந்து, கறுப்புக் களியாக இருந்தது. 9,000 ரூபாய்க்கு வாங்கிய ரேக் அதுதான்.

துவாரத்தை அடைத்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம், எனக்கும் தோன்றியது. பவர் ரேக்குக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் இருபுறமும் எண்ணெய். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வால்வுக்குள் இருக்கும் மெல்லிய முறுக்குத்தண்டு சற்றே முறுகி, ஒரு பக்கத்தைப் பம்பு வழியோடும் மறுபக்கத்தைத் திரும்பும் வழியோடும் இணைக்கும். இரண்டு வழியையும் போல்ட்டால் அடைத்து, உள்ளே பழைய எண்ணெயையும் விட்டுவைத்தால், பிஸ்டன் தள்ளும் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. இலேசாகத் திருப்பினால் வால்வின் இடுக்குகள் வழியே கொஞ்சம் மறுபக்கம் போகும். பலமாகத் திருப்பினால் வால்வு அந்த இடுக்கையும் மூடிக்கொள்ளும். அதாவது எவ்வளவு பலம் கொடுக்கிறோமோ அவ்வளவு இறுகும். ஆபத்து நேரத்தில் சட்டென்று ஒடிக்க வேண்டியிருந்தால்தான் அது மிக அதிகமாக எதிர்க்கும் என்று அவர் சொன்னபோது குன்றக்குடி வளைவு நினைவுக்கு வந்தது. பம்பை எடுத்தே தீர வேண்டும், வேறு ரேக் கிடைக்கவில்லை என்றால், அந்த இரண்டு துவாரங்களையும் ஒரு குழாயால் ஒன்றோடொன்று இணைத்து எண்ணெய் சுற்றிவர வழிவிடுவார்களாம். அப்போதும் அது உண்மையான மேனுவல் ரேக்கைவிடக் கனமாகத்தான் இருக்கும். அடைப்பது மட்டும் எந்த நிலையிலும் செய்யக் கூடாதது.

இதைவிடக் கொடியது ஒன்று அதன்பின் தெரிந்தது. துவாரங்களை எட்டுவதற்காக ரேக்கைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். இறக்கிய அதே ரேக்கை மறுபடியும் ஏற்றியிருக்கிறார்கள். அதற்காக இருபுற டை ராட் எண்டையும் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) சுத்தியலால் தட்டிக் கழற்றியதில் இடப்பக்க ரப்பர் மூடி கிழிந்திருந்தது. அந்த மூட்டை இறுக்கும் நட்டு கிரீடம் போல வெட்டுகள் உள்ளது. வெட்டு வழியாக ஒரு காட்டர் பின்னைச் செருகி இருகாலையும் மடித்துவிட்டால் நட்டு எந்த அதிர்விலும் கழலாது. வலப்பக்கம் பின் இருந்தது. இடப்பக்கம் பின்னே இல்லை. நட்டை அவர் விரலால் தொட்டுத் திருப்பினார், திரும்பியது. இன்னும் சில நாள் விட்டிருந்தால், ஓடுகிற வண்டியில் ஒரு சக்கரம் ஸ்டியரிங்கிற்குக் கட்டுப்படாமல் போயிருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, இதன் 98-ஆவது விதி, ஸ்டியரிங் மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், அவற்றைப் பிணைக்கும் போல்ட்டுகளும் பின்களும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும், ஸ்டியரிங்கில் வெற்றாட்டம் (சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் ஆடுவது) 30 பாகையைத் தாண்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஐந்து ரூபாய்கூடப் பெறாத ஒரு கம்பித் துண்டை மறந்தவர்களிடம் விதியைச் சொல்லி என்ன பயன் என்று அன்று இரவு முழுவதும் மனம் கொதித்தது.

வண்டிக்கு அடியில் எடுத்த படங்களோடு காரைக்குடிப் பணிமனை உரிமையாளரிடம் திரும்பச் சென்றேன். முதலில், போட்டது மேனுவல் ரேக்தான் என்றார். படத்தைக் காட்டியதும், கிடைத்த மேனுவல் ரேக் பொருந்தவில்லை, அதனால் இருந்ததையே சரிசெய்தோம், அதற்கும் உழைப்புத்தானே என்றார். அப்படியானால் பில்லில் ஏன் புது ரேக்கின் விலை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கழற்றிய பம்பையும் ஹோஸ்களையும் கேட்டேன். பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றார். கையெழுத்தும் முத்திரையும் உள்ள பில்லில் ‘மேனுவல் ரேக் அசெம்பிளி 1’ என்று எழுதி வாங்கியிருந்தது மட்டுமே என் பக்கம் இருந்த பலம். பில் வேண்டாமென்றால் ஆயிரம் குறைத்துக்கொள்கிறேன் என்று அவர் அன்று சொன்னதை ஏற்காதது நல்லதாகப் போயிற்று.

தேவகோட்டை மெக்கானிக், சென்னை புதுப்பேட்டையில் எங்கள் மாடலின் மேனுவல் ரேக் ஒன்றைத் தேடிப் பிடித்து, பஸ் பார்சலில் வரவழைத்தார். பழையதுதான், 4,200 ரூபாய். பொருத்தும்முன் அதை என் கையில் கொடுத்து, பல் தேய்மானம் இல்லை, தண்டில் துரு இல்லை என்று துடைத்துக் காட்டினார். இரு டை ராட் எண்டுகளும் புதிது, காட்டர் பின்னும் புதிது, அதன்பின் வீல் அலைன்மெண்ட். கூலியோடு மொத்தம் 9,800 ஆயிற்று. எங்கள் வண்டியில் பம்புக்குத் தனிப் பெல்ட்டு என்பதால் அதை எடுத்ததோடு சரி. ஒரே பெல்ட்டில் ஏசியும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்து ஓடும் வண்டியாக இருந்தால், பம்பை எடுக்கும்போது பெல்ட்டின் நீளத்தையும் அதன் போக்கையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது கடைசிக்குக் கடைசி நான்கு சுற்று வருகிறது. நின்ற இடத்தில் திருப்பினால் கனம்தான். வண்டி மெல்ல உருளத் தொடங்கியதும் இலேசாகிவிடுகிறது. வளைவில் கையைத் தளர்த்தினால் தானே நேராகிறது. மேனுவல் என்றால் கல்லாகத்தான் இருக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அது மேனுவல் அன்று என்பதே என் அனுபவம்.

ஆகவே, இந்த வேலைக்கு விடுகிறவர்கள் போடப்போகும் ரேக்கைப் பொருத்தும்முன் கண்ணால் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ரேக், பம்பு, ஹோஸ் எல்லாவற்றையும் வீட்டுக்கு வாங்கி வந்துவிடுங்கள். பழைய ரேக்கைத் தர மறுத்தால் அது உங்கள் வண்டிக்குள்ளேயே இருக்கிறது என்று சந்தேகப்படலாம். வண்டியை எடுக்கும்போது லிஃப்டில் ஏற்றச் சொல்லி இரு பக்கக் காட்டர் பின்னையும் பாருங்கள். பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பித்த வண்டி என்பதால், செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசி முறையீட்டைப் பதிவு செய்தேன், பணிமனை பதிலளிக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்காமல் நாமே பேசலாம். சிவகங்கை ஆணையத்துக்கான மனுவை எழுதி முடித்துவிட்டேன், பில்லின் நகலும் படங்களும் இணைத்தாயிற்று. அந்தப் பழைய ரேக், இரண்டு போல்ட்டுகளும் முறுக்கியபடியே, பள்ளத்தூர் வீட்டின் பின்கட்டில் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். ஆணையம் கேட்டால் அப்படியே தூக்கிக்கொண்டு போவேன்.