ஒரு பிளேடைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எத்தனை சவரம் வேண்டும்?

இருபுறமும் கூருள்ள பிளேடுகளில் இரண்டு வகைகளை ஏறக்குறைய இரண்டு மாதங்கள் பயன்படுத்தி, ஒவ்வொரு சவரத்துக்குப் பிறகும் குறிப்பெழுதி வைத்து, அந்தக் குறிப்புகளை முழுவதும் ஒருமுறை படித்த பின்னரே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இரண்டும் துருப்பிடிக்காத எஃகில் செய்யப்பட்டவை. இரண்டின் உறையிலும் பிளாட்டினப் பூச்சு என்று அச்சிடப்பட்டிருந்தது. இரண்டும் 5 பிளேடுகள் கொண்ட பெட்டியாக வந்தன. என் தாடைக்கு ஒத்துவராத பிளேடு வேறொருவருக்கு மிகப் பொருத்தமாக அமையலாம் என்பதால் தயாரிப்பாளர்களின் பெயரைத் தவிர்த்து, அ வகை, ஆ வகை என்றே குறிப்பிடுகிறேன். உண்மையில் இந்த இரண்டு மாதங்களில் எனக்குத் தெளிவானது, எது நல்ல பிளேடு என்பதைவிட, அதைச் சொல்ல எவ்வளவு காலம் பொறுத்திருக்க வேண்டும் என்பதுதான்.

முதல் நாளில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். அ வகையை மாட்டி முதல் சவரம் செய்தபோது, மோவாயின் நடுவிலும் கீழுதட்டுக்கு அடியிலும் பிளேடு முடியை வெட்டுவதற்கு முன் சற்றே பிடித்து இழுத்தது. முடிவில் படிகாரக் கட்டியைக் கழுத்தில் தேய்த்தபோது நன்றாகவே எரிந்தது. தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எவ்வளவு விழுந்திருக்கின்றன என்பதைப் படிகாரத்தைவிட நேர்மையாகச் சொல்லும் பொருளை நான் அறியேன். ஆ வகையின் முதல் சவரமோ இதற்கு நேர்மாறாக இருந்தது: ரேசர் முகத்தில் இருக்கிறதா என்று ஐயப்படும்படி வழுக்கிச் சென்றது, எரிச்சல் இல்லை, மாலைவரை கன்னம் மழமழவென்றே இருந்தது. அன்றைக்கே எழுதியிருந்தால் ஆ வகையைப் புகழ்ந்தும் அ வகையைத் தள்ளியும் எழுதியிருப்பேன், இரண்டிலும் தவறியிருப்பேன்.

ஏனெனில் அ வகை இரண்டாம் சவரத்தில் இழுப்பதை நிறுத்தியது. மூன்றாவதும் நான்காவதும் ஆ வகையின் முதல் சவரத்துக்கு இணையாக இருந்தன. ஐந்தாவதில்தான் கீழுதட்டுக்கு அடியில் மீண்டும் தயக்கம் காட்டியது. ஆ வகை இரண்டாம் சவரத்தில் குறைசொல்ல இடம் தரவில்லை என்றாலும், மூன்றாவதில் அதன் வாய் மழுங்கத் தொடங்கிவிட்டதைக் கை உணர்ந்தது, கழுத்தில் வைத்த படிகாரம் அதை உறுதி செய்தது.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் உண்டு. பிளேடின் வாய் வெறும் எஃகு மட்டுமல்ல. ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகட்டைச் சாணைபிடித்து, அதன் நுனியை ஒரு தாடிமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மெலியச் செய்து, அதன் மேல் குரோமியம், பிளாட்டினம் போன்ற உலோகங்களை மிக மெல்லிய படலமாகப் படியவைத்து, எல்லாவற்றுக்கும் மேலாக டெஃப்லான் என்று நாம் அறிந்திருக்கும் பொருளைப் பூசுகிறார்கள். இந்த மேற்பூச்சுதான் பிளேடு முடிக்குள் நுழையும்போது ஏற்படும் உராய்வைக் குறைக்கிறது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்தப் பூச்சு நுனியின் உச்சியில் தேவைக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். முதல் சில வழிப்புகளில் அந்த மிகுதி பின்னுக்குத் தள்ளப்பட்ட பிறகுதான் கூர்மை முழுமையாக வெளிப்படுகிறது. புதுப் பிளேடை மாட்டியவுடன் அதன் வாயைத் தக்கையில் ஒருமுறை மெல்ல அழுத்தி எடுக்கும் பழக்கம் சிலரிடம் இருப்பதும் இதனால்தான். நான் அதைச் செய்வதில்லை; எவ்வளவு அழுத்தினோம் என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால், சோதனையில் இன்னொரு குழப்பத்தையே அது சேர்க்கிறது. ஆகவே முதல் சவரத்தைக் குறித்துக்கொள்கிறேன். தீர்ப்பில் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

கையின் பங்கையும் இங்கே மறக்கக் கூடாது. மழுங்கிய பிளேடோடு பல வாரம் பழகிய கை, தன்னையறியாமல் அழுத்தத் தொடங்கியிருக்கும். அதே அழுத்தத்தோடு கூரான புதுப் பிளேடைத் தொட்டால் தோல் சிராய்க்கும். கூரான பிளேடுக்குப் பழகிய கையோ மிதமான பிளேடு மாறிய நாளில் அது வெட்டவே இல்லை என்று எண்ணும். ரேசரின் சொந்த எடையே போதும் என்ற அளவுக்குக் கையைத் தளர்த்தவும், ஏறத்தாழ 30 பாகைச் சாய்வை ஒவ்வொரு பிளேடுக்கும் சற்றே திருத்திக்கொள்ளவும் எனக்கு இரண்டு சவரமாவது தேவைப்படுகிறது. முதல் நாள் எரிச்சலில் பிளேடின் குறை எவ்வளவு, கையின் பழக்கம் எவ்வளவு என்று அன்றைக்கே பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

ஒரே பிளேடை ஐந்து முறை பயன்படுத்தினாலும் அது ஒரு பிளேடைப் பற்றிய செய்திதான். அந்த வகையைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதே பெட்டியிலிருந்து இன்னும் இரண்டையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு 2020ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. பிளேடின் எஃகைவிட முடி ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு எப்படிக் கெட்டுப்போகிறது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஆய்வாளர்களில் ஒருவர் தம் முகத்தையே சவரம் செய்து, ஒவ்வொரு முறையும் பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வாய் சீராகத் தேய்ந்து உருண்டுபோகும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, அங்கங்கே நுண்ணிய சில்லுகள் பெயர்ந்திருந்தன. முடி பிளேடுக்குச் செங்குத்தாக நிற்காமல் வளைந்துகொடுக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் அது மோதினால், அழுத்தம் அந்த ஒரு புள்ளியில் பெருகி விரிசல் உண்டாகிறது. அப்படியானால் பிளேடின் ஆயுள் அதன் வாயில் இருக்கும் பலவீனமான இடங்களையும், அந்த இடங்களுக்கு முடி எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் பொறுத்தது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு பிளேடுகளில் ஒன்று நான்கு நாளும் மற்றொன்று ஆறு நாளும் உழைப்பதில் வியப்பில்லை. முடியை வளையவிடாமல் நுரையில் நிமிர்த்தி நிறுத்துவதும், வெந்நீரில் நன்றாக ஊறவைத்து மென்மையாக்குவதும் தோலுக்குச் செய்யும் நன்மை என்று மட்டும் நினைத்திருந்தேன். பிளேடுக்கும் அது செய்யும் நன்மையே என்பது இந்த ஆய்வைப் படித்த பிறகு விளங்கியது.

ஆகவே சோதனைக் காலம் முழுவதும் நான் பிளேடைத் தவிர வேறெதையும் மாற்றவில்லை. ஒரே ரேசர், ஒரே சோப், ஒரே பிரஷ்; முகத்தை வெந்நீரில் கழுவிய பிறகு நுரையை மூன்று நிமிடம் அப்படியே விட்டுவைத்தல்; முதல் சுற்று முடி வளரும் போக்கிலும், இரண்டாம் சுற்று பக்கவாட்டிலும்; எதிர்ச்சவரம் எந்த நாளிலும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற இடைவெளியையும் மாற்றவில்லை. தாடிமுடி நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. ஒருநாள் வளர்ந்த தாடியை வழித்த பிளேடையும் நான்கு நாள் வளர்ந்த தாடியை வழித்த பிளேடையும் ஒப்பிட்டுப் பேசுவது, பாதி மூட்டை சுமந்தவனையும் முழு மூட்டை சுமந்தவனையும் நடைவேகத்தில் ஒப்பிடுவதைப் போன்றது. சவரம் முடிந்ததும் பிளேடைத் துணியால் துடைப்பதில்லை. நீரில் அலசி, உதறி, ஈரம் தங்காத இடத்தில் வைத்துவிடுவேன்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ஒருமுறை ஏமாறப் பார்த்தேன். அ வகையின் இரண்டாவது பிளேடு, முதல் நாளிலேயே ஒரு பக்கம் இதமாகவும் மறுபக்கம் கடுமையாகவும் வழித்தது; தாடையெலும்பின் ஓரத்தில் இரத்தம்கூட எட்டிப்பார்த்தது. பிளேடு சரியில்லை என்று குறிப்பில் எழுதியும்விட்டேன். பிறகு ரேசரின் தலையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோதுதான், பிளேடு சற்றே கோணலாக அமர்ந்து, ஒரு விளிம்பு மற்றதைவிட வெளியே நீண்டிருந்தது தெரிந்தது. கழற்றி, தலையின் இரு முனைகளையும் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பிடியை முறுக்கி மீண்டும் மாட்டிய பின், அதே பிளேடு நான்கு நாள் குறையின்றி உழைத்தது. எழுதிய வரியை அடித்தேன். அன்றிலிருந்து பிளேடு மாட்டியதும் இரு பக்க விளிம்பும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் முகத்தில் வைப்பதில்லை.

இரண்டு பிளேடுகளையும் ஒரே நாளில் ஒப்பிட விரும்புவோர் முகத்தின் இரு பாதிகளுக்கு ஒவ்வொன்றாகப் பயன்படுத்துவதுண்டு. நல்ல முறைதான், ஆனால் வலக்கைக்காரருக்கு வலக்கன்னமும் இடக்கன்னமும் ஒன்றல்ல. ஒரு பக்கம் கை இயல்பாக இறங்குகிறது, மறுபக்கம் மணிக்கட்டு வளைகிறது. கழுத்தில் முடியின் சுழி இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதும் அரிது. ஆகவே மறுமுறை பக்கத்தை மாற்றிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. உறையைப் பார்த்தே எனக்குள் சாய்வு ஏற்படுகிறது என்று தோன்றியதால், சோதனையின் கடைசிப் பிளேடுகளைத் தம்பியிடம் கொடுத்து, எது எது என்று சொல்லாமல் மாட்டித் தரச் சொன்னேன். முதல் சவரத்தில் எது எந்த வகை என்று தவறாகச் சொன்னேன். மூன்றாம் சவரத்தில் ஐயமின்றிச் சரியாகச் சொன்னேன். என் கணக்கில் இதுவே முதல் நாள் தீர்ப்பை நம்ப வேண்டாம் என்பதற்கு வலுவான சான்று.

தோலின் பதிலும் உடனே வருவதில்லை. எரிச்சலும் சிவப்பும் அன்றே தெரிந்துவிடும்; ஆனால் சுருண்ட முடியுள்ளவர்களுக்கு, தோலின் மட்டத்துக்கும் கீழே கூராக வெட்டப்பட்ட முடி வளைந்து மீண்டும் தோலுக்குள்ளேயே புகுவதால் உண்டாகும் பருக்கள் எழச் சில நாள்கள் ஆகும். என் கழுத்தின் இடப்புறத்தில் இந்தத் தொல்லை நெடுநாளாக உண்டு. மிகக் கூரான பிளேடு தந்த மழமழப்பை மாலையில் தடவிப் பார்த்து மகிழ்ந்து, மூன்றாம் நாள் அதே இடத்தில் பருவைக் கண்டு வருந்திய அனுபவம் எனக்கு ஒருமுறைக்கு மேல் நேர்ந்திருக்கிறது. அதனால் ஒரு பிளேடுக்கும் அடுத்த வகைப் பிளேடுக்கும் இடையில், நெடுநாள் பழகிய பழைய பிளேடால் ஒரு சவரம் செய்து தோலை அமைதிப்படுத்திவிட்டே தொடர்ந்தேன். முந்தைய பிளேடு விட்டுச்சென்ற புண்ணுக்குப் புதிய பிளேடைப் பொறுப்பாக்குவது நியாயமாகாது. பழைய பிளேடுக்குத் திரும்பும் அந்த நாளில் இன்னொரு பயனும் உண்டு: புதியதோடு பழகியபோது உணராத வேறுபாடு, பழையதை மீண்டும் தொடும்போது பளிச்சென்று தெரிகிறது.

இத்தகைய ரேசரைப் பரப்பிய அமெரிக்கர் கில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற ரேசருக்குரிய பிளேடு கார்பன் எஃகால் ஆனது. ஈரத்தில் விரைவில் துருவேறும். 1960களில் பூச்சிட்ட துருப்பிடிக்காத பிளேடுகள் பரவிய பிறகே ஒரே வாய் பல சவரங்களுக்கு நிலைக்கத் தொடங்கியது. ஆகவே எத்தனை நாள் நிலைக்கிறது என்பதும் பிளேடின் தரத்தில் பாதி. அதன் முடிவைப் பார்க்காமல் தொடக்கத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவது பொருந்தாது.

என் முடிவு இது: ஒரு வகைக்கு மூன்று பிளேடுகள்; ஒவ்வொன்றையும் அது இழுக்கத் தொடங்கும்வரை; முதல் சவரம் கணக்கில் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் செய்வோருக்கு இது ஒரு மாதப் பொறுமை. அதற்கு மேல் நீட்டித்ததில் எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு: சரியாக மாட்டப்பட்டிருந்தும், முதல் வழிப்பிலிருந்தே எல்லா இடத்திலும் முடியைப் பிடித்து இழுத்துக் குருதி வரச்செய்யும் பிளேடைச் சோதனையின் பெயரால் இரண்டாம் சுற்றுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு அதே பெட்டியிலிருந்து இன்னொன்றை மாட்டுங்கள். அதுவும் அப்படியே செய்தால் அந்தப் பெட்டியை மூடிவிடலாம்.

இந்த அளவுகோலில் அ வகையின் மூன்று பிளேடுகளும் தலா நான்கு சவரங்களைத் தாண்டின. மூன்றுக்கும் இடையே வேறுபாடு சிறிதே. ஆ வகையின் மூன்றும் இரண்டு சவரங்கள் மிக உயர்வாகவும் மூன்றாவதில் தளர்ந்தும் ஒரே மாதிரி நடந்துகொண்டன. சவரத்துக்கு ஒரு பிளேடு என்று மாற்றிவிடும் பழக்கமுள்ளவர்களுக்கு நான் ஆ வகையையே பரிந்துரைப்பேன். அந்த முதல் நாள் இதத்துக்கு அ வகை ஈடாகாது. வாரம் முழுவதும் ஒரே பிளேடோடு காலம் கழிக்கும் என்போன்றோருக்கு அ வகை. இப்போது என் ரேசரில் இருப்பது அதன் நான்காவது பிளேடு. ஐந்தாவதை உறை பிரிக்காமல் எடுத்துவைத்திருக்கிறேன். ரேசரை மாற்றும் நாளில், புதிய தலையில் பிளேடுக்கும் அதன் கீழுள்ள தடுப்பு விளிம்புக்கும் இடையிலான இடைவெளியில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதற்கு அதைத்தான் முதலில் மாட்டப்போகிறேன்.