பச்சை நிற அறிக்கைக்கு மாதக் கட்டணம் செலுத்தி ஏமாந்த கதை: சேர்வர் கண்காணிப்பை வெளியாரிடம் ஒப்படைத்திருப்போர் கவனத்திற்கு

கிளிநொச்சியில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திவரும் ஆவணக் காப்பு முயற்சியின் சேமிப்பகத்தைக் கண்காணிப்பதற்கென்று மாதந்தோறும் கட்டணம் பெற்றுவந்த ஒரு நிறுவனம், அந்தச் சேமிப்பகத்தின் வன்தட்டுகளில் ஒன்று செயலிழந்து ஆறு மாதங்கள் ஆன பின்னரும் அதை எங்களிடம் சொல்லவில்லை. இரண்டாவது தட்டும் செயலிழந்து, எங்களை நம்பிப் பொருட்களைத் தந்த குடும்பங்களின் கோப்புகள் திறக்காமற் போன பிறகே உண்மை தெரிந்தது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வேறு சில அமைப்புகள் இதே வகையான ஒப்பந்தங்களுக்கு ஆயத்தமாவதாக அறிந்ததால் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் இருந்தவை எப்படிப்பட்ட பொருட்கள் என்பதை முதலில் சொல்லவேண்டும். 2009 இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக இடம்பெயர்ந்தபோது பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுவந்த பிறப்புச் சான்றிதழ்கள், காணி அனுமதிப்பத்திரங்கள், ஓரம் கருகிய திருமணப் படங்கள், முதியவர்கள் தங்கள் ஊர்களைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவுகள் ஆகியவற்றை நாங்கள் ஸ்கான் செய்தும் பிரதியெடுத்தும் சேர்த்து வைத்தோம். எல்லாமாக ஏறத்தாழ 22 டெராபைற். மூலங்களை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இவற்றை வைப்பதற்காக 2021 இல் அந்த நிறுவனம் நான்கு கணினிகளில், ஒவ்வொன்றிலும் 4 டெராபைற் தட்டுகள் நான்காக, செஃப் என்னும் மென்பொருளைக் கொண்டு ஒரே சேமிப்பகமாகச் சேர்ந்து இயங்கும் ஒரு கொத்தணியை அமைத்துத் தந்தது. செஃப் நல்ல மென்பொருள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்ரா குறூஸ் வளாகத்தில் சேஜ் வெயில் என்பவரின் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கி, கட்டற்ற மென்பொருளாக உலகெங்கும் பெரிய தரவு நிலையங்களில் இயங்கிவருவது. ஒவ்வொரு தரவுத் துண்டையும் பல பிரதிகளாக்கி வெவ்வேறு கணினிகளில் வைத்து, ஒன்று பழுதானால் மற்றவற்றிலிருந்து தானாகவே புதுப்பித்துக்கொள்ளக்கூடியது. என் குறை மென்பொருள்மீது அன்று, அதைக் கவனிப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர்கள்மீது.

2022 இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு நடைமுறையில் இருந்தபோது, அவர்களுடைய தொழில்நுட்பவியலாளர் கொத்தணியில் ‘நோஅவுட்’ என்னும் கொடியை, அதாவது பதிலளிக்காத தட்டை விலக்கி வைக்காதே என்னும் கட்டளையை, ஏற்றினார். இது தவறான செயல் அன்று. வழமையாக ஒரு தட்டு பதிலளிக்காமல் 600 செக்கன்கள் கடந்தால் செஃப் அதை விலக்கி வைத்து, அதிலிருந்த தரவின் பிரதிகளை வேறு தட்டுகளில் உருவாக்கத் தொடங்கும். மின்சாரம் போய்வரும் ஒவ்வொரு முறையும் அந்த நகர்வு வீணாக நடக்காதிருக்க, கொடியைத் தற்காலிகமாக ஏற்றிவைப்பது வழக்கம். மின்வெட்டுக் காலம் முடிந்ததும் அதை இறக்கவேண்டும். அவர்கள் இறக்கவில்லை. ஆகவே, 2024 மாசி மாதத்தில் முதற் தட்டு செயலிழந்தபோது கொத்தணி தன்னைத் தானே சீராக்கும் வேலையைத் தொடங்கவே இல்லை. அந்தத் தட்டிலிருந்த தரவுகள் அனைத்தும் ஒற்றைப் பிரதியில் ஆறு மாதங்கள் கிடந்தன.

செஃப் இதைச் சொல்லாமல் இருக்கவில்லை. தட்டு விழுந்தது, பிரதிகள் குறைந்துள்ளன, கொடி ஏற்றப்பட்டுள்ளது என்று மூன்று எச்சரிக்கைகளையும் அது உரிய முறையில் எழுப்பியிருக்கிறது. அந்த மூன்றையும் நிறுவனத்தார் ‘மியூட்’ செய்து வாய்மூடச் செய்திருந்தார்கள். அதுவும் சாதாரணமாக அன்று. சாதாரணமாக மியூட் செய்தால், நிலைமை மேலும் மோசமாகும்போது எச்சரிக்கை மீண்டும் தலைகாட்டும். ‘ஸ்ரிக்கி’ என்று சேர்த்துச் செய்தால் அப்படியே அமுங்கிக் கிடக்கும். இவர்கள் செய்தது இரண்டாவது வகை. இவ்வாறு செய்தபின் கொத்தணியின் நிலையைக் கேட்டால் ‘ஹெல்த் ஓகே’ என்று வரும். ஆனால் அதே வரியிலேயே எந்தெந்த எச்சரிக்கைகள் அமுக்கப்பட்டுள்ளன என்ற பட்டியலும் வரும். எங்களுக்கு மாதாமாதம் வந்த பி.டி.எஃப். அறிக்கையில், பச்சை நிறத்தில் ‘ஹெல்த் ஓகே’ என்பதோடு திரையின் படம் வெட்டப்பட்டிருந்தது. அதற்குச் சற்றுக் கீழே, 16 தட்டுகளில் 15 மட்டுமே இயங்குகின்றன என்று சொல்லும் வரியும் இருந்திருக்கவேண்டும், அதுவும் வெட்டுப்பட்டிருந்தது. ஆறு மாதங்களில் ஆறு அறிக்கைகள், ஆறும் ஒரே அளவில் வெட்டப்பட்டவை. இதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வேகக் குறைவையும் நாங்கள் முன்கூட்டியே முறையிட்டிருந்தோம். ஆனி மாதமளவில் ஒரு கோப்பைச் சேமிக்கச் சில வேளைகளில் அரை நிமிடத்துக்கு மேல் எடுத்தது. தொலைபேசியில் கேட்டபோது, “அண்ணை, அது உங்கட இன்ரநெற் லைன்தான், சேர்வரில ஒரு பிரச்சினையும் இல்லை” என்று பதில் வந்தது. சேர்வர்கள் இருந்ததோ பக்கத்து அறையில். அங்கு சென்றுவரும் தரவு வெளி இணைப்பைத் தொடுவதே இல்லை. ‘ஓ.எஸ்.டி. பேர்ஃப்’ என்னும் ஒரேயொரு கட்டளையைக் கொடுத்திருந்தால், எந்தத் தட்டு மற்றவற்றைவிடப் பல மடங்கு தாமதமாகப் பதிலளிக்கிறது என்பது உடனே தெரிந்திருக்கும். தட்டு தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அளவீடுகளில், அந்தத் தட்டின் 197 ஆம் இலக்கம், அதாவது வாசிக்க முடியாமல் நிலுவையிலுள்ள பகுதிகளின் எண்ணிக்கை, நூறைத் தாண்டியிருந்ததைப் பின்னர் பார்த்தோம். ஆவணியில், சோளகக் காற்றில் புழுதி பறந்த ஒரு நாள், அது நின்றுவிட்டது.

அன்று பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. தரவுத் துண்டின் எல்லாப் பிரதிகளும் எட்டாதபோது செஃப் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. பிரதி திரும்பி வரும்வரை காத்திருக்கும். தன் கணவரின் படத்தைப் பார்க்க மாங்குளத்திலிருந்து பேருந்தில் வந்திருந்த ஒரு தாயார், திரையில் சுழன்றுகொண்டிருந்த வட்டத்துக்கு முன் ஒரு மணிநேரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஒப்பந்தத்தில் மூன்று பிரதிகள் என்று எழுதியிருந்தது. செஃப் இயல்பாக வைப்பதும் மூன்றுதான். இவர்கள் அதை இரண்டாகக் குறைத்திருந்தார்கள். தட்டுகளின் மொத்தக் கொள்ளளவு 64 டெராபைற். 22 டெராபைற் தரவு மூன்று பிரதிகளாக அதில் அடங்கவே அடங்காது. இந்தச் சிறிய பெருக்கலை நாங்களும் செய்து பார்த்திருக்கவேண்டும். அதைவிடக் கொடியது, பிரதிகளை வெவ்வேறு கணினிகளில் வைக்கவேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, வெவ்வேறு தட்டுகளில் இருந்தாற் போதும் என்று மாற்றியிருந்தமை. செயலிழந்த இரண்டு தட்டுகளும் ஒரே கணினியில், யன்னலோரம் வெயில் படும் பெட்டியில் இருந்தவை. விதி இயல்பான நிலையில் இருந்திருந்தால், அந்த இரண்டும் ஒருமித்துப் போயிருந்தாலும் ஒரு பைற்கூட இழந்திருக்கமாட்டோம்.

செஃப் தரவுத் துண்டுகளைக் குழுக்களாகப் பிரித்துத் தட்டுகளில் வைக்கிறது. எங்கள் கொத்தணியின் 256 தரவுக் குழுக்களில் இரண்டுக்கு மட்டுமே இரு பிரதிகளும் அந்த இரண்டு தட்டுகளிலும் இருந்தன. ஒரு வீதத்துக்கும் குறைவான இழப்பு என்று நிறுவனத்தார் கடிதம் எழுதினார்கள். அந்தக் கணக்கு மக்களை ஏமாற்றும் கணக்கு. செஃப் கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்பையும் 4 மெகாபைற் துண்டுகளாக்கிக் குழுக்களிடையே பரப்புகிறது. 600 டி.பி.ஐ. இல் நிறத்துடன் ஸ்கான் செய்த ஒரு ஏ4 பக்கம், சுருக்காமல் வைத்தால் 100 மெகாபைற்றைச் சற்றுத் தாண்டும், அதாவது 25 துண்டுகள். அவற்றில் ஒன்றாவது அந்த இரண்டு குழுக்களுக்குள் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 18 வீதம். ஆகவே, ஐந்து அல்லது ஆறு ஆவணங்களுக்கு ஒன்று நடுவில் ஓட்டையுடன் நின்றது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில், இங்கே அறிவியல்நகரில் படித்த ஒரு தம்பி, ஊதியம் பேசாமல் வந்து மூன்று கிழமைகள் எங்களுடன் இருந்தார். முதலில் செயலிழந்த தட்டை அவர் துண்டு துண்டாக வேறொரு தட்டுக்குப் பிரதியெடுத்து, செஃப்பின் சொந்தக் கருவி ஒன்றினால் அதிலிருந்து ஒரு குழுவை முழுமையாக மீட்டார். மாசிக்குப் பிறகு மாற்றப்பட்ட கோப்புகளைத் தவிர ஏனையவை அதன்மூலம் திரும்பின. மற்றக் குழு திரும்பவில்லை.

இதே வகை ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், வாசிப்பதற்கு மட்டும் அனுமதியுள்ள ஒரு கணக்கையாவது நிறுவனத்திடம் இன்றே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக் கிடைத்ததும் ‘செஃப் ஹெல்த் டீற்றெயில்’ என்ற கட்டளையின் வெளியீட்டை முழுமையாக, கடைசி வரிவரை நீங்களே வாசியுங்கள். ஏற்றப்பட்ட கொடிகள் எவை, மியூட் செய்தவை எவை என்று அதில் பாருங்கள். ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் பிரதிகள் எத்தனை, அவை கணினிவாரியாகப் பிரிந்திருக்கின்றனவா என்பவற்றைத் தனியே பாருங்கள். பிரதிகளை முழுமையாக வாசித்து ஒப்பிடும், கிழமைக்கு ஒருமுறை நடக்கவேண்டிய ஆழ்ந்த சரிபார்ப்பு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். பழுதாகும் தட்டை முதலிற் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். தட்டுகள் 85 வீதம் நிரம்பும்போது முதல் எச்சரிக்கை வரும், 95 இல் எழுதுவதே நின்றுவிடும். ஆனால் எங்களைப்போல் நான்கு கணினிகள் மட்டும் உள்ளவர்கள் 63 வீதத்தைத் தாண்டவிடக் கூடாது. ஒரு கணினி முழுதாகப் போனால் அதன் சுமையை மற்ற மூன்றும் தாங்கவேண்டும். நாங்கள் 69 இல் நின்றோம், அறிக்கையில் அதற்கும் பச்சைதான்.

நிறுவனம் இன்னும் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஒப்பந்தத்தில் கண்காணிப்பு என்றால் எத்தனை மணிநேரத்துக்குள் எதை அறிவிப்பது என்று வரையறுக்கப்படாததை அவர்கள் காரணம் காட்டுகிறார்கள். சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையுடன் கடிதம் அனுப்பியிருக்கிறோம்.

2021 முதல் 2024 ஆவணி வரை எங்களிடம் ஆவணங்களோ படங்களோ தந்தவர்கள், மூலம் இன்னும் கையில் இருந்தால் தயவுசெய்து மறுபடியும் கொண்டுவாருங்கள். பாதிக்கப்பட்ட கோப்புகளின் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டியிருக்கிறோம். வரமுடியாத முதியவர்களின் வீட்டுக்கு ஸ்கானரை நாங்களே எடுத்து வருவோம்.