வைஃபை இணைகிறது, பக்கம் திறக்கவில்லை: எந்த டிஎன்எஸ்ஸுக்கு மாறலாம்?

வைஃபை இணைந்திருக்கும், ரவுட்டரில் விளக்குகள் ஒழுங்காக எரியும், ஆனால் எந்தத் தளத்தைத் தட்டினாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ரவுட்டரை அணைத்துப் போட்டும் தீரவில்லை என்றால் அடுத்துக் கிடைக்கும் யோசனை, "டிஎன்எஸ்ஸை மாற்றிப் பாருங்கள்". தளத்தின் பெயரை ஐபி எண்ணாக, அதாவது இணையத்தில் அதன் முகவரி எண்ணாக, மாற்றித் தரும் சேவைதான் டிஎன்எஸ். சரி, எதற்கு மாற்றுவது?

அதற்கு முன் ஒரு சோதனை. கணினியில் கட்டளை தட்டும் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்குக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னால் கோளாறு டிஎன்எஸ்ஸில்தான். பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் வேலை நடக்கவில்லை. எண்ணுக்கே பதில் இல்லையென்றால் டிஎன்எஸ்ஸை மாற்றிப் பெரும்பாலும் பயன் இருக்காது. ஃபைபர் பெட்டியில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவனத்துக்குப் போன் போடுங்கள்.

நாம் எதையும் மாற்றாதவரை நடப்பது இணைய நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ். அதை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான். வீடியோ தளங்களின் அருகிலுள்ள சர்வரை அடையாளம் காட்டுவதிலும் அது கெட்டி. ஆனால் அது தடுமாறினால் வீடு முழுக்க இணையம் செத்ததுபோல் ஆகிவிடும்.

மாற்றாக முதலில் வருவது கூகுள்: 8.8.8.8, துணைக்கு 8.8.4.4. 2009 டிசம்பரில் தொடங்கியது. உங்கள் ஐபி முகவரியின் ஒரு பகுதியைத் தளத்தின் சொந்த டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பி, அருகிலுள்ள சர்வரைக் கேட்டு வாங்கும் வசதி இதில் உண்டு. முழு ஐபி முகவரியுள்ள தற்காலிகப் பதிவுகளை 24 முதல் 48 மணி நேரத்தில் அழித்துவிடுவதாகச் சொல்கிறார்கள்.

கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் 1.1.1.1 வந்தது 2018 ஏப்ரல் 1 அன்று. அந்தரங்கத்தைக் காக்க, உங்கள் முகவரியின் பகுதியைத் தளங்களுக்கு இது அனுப்புவதில்லை. அதனால் சர்வர் தேர்வு சற்றுத் தவறலாம் என்பது இதன்மேல் சொல்லப்படும் குறை. கிளவுட்ஃபிளேருக்குச் சென்னையிலேயே மையம் இருப்பதால் தமிழ்நாட்டில் இதைப் பெரிய குறையாக நான் எண்ணவில்லை. சில பழைய ரவுட்டர்கள் 1.1.1.1 என்ற எண்ணைத் தங்கள் சொந்த வேலைக்கு வைத்திருக்கும். அங்கே இது எடுபடாது, 1.0.0.1 போட்டுப் பாருங்கள்.

குவாட்9 என்பது 9.9.9.9. 2017 நவம்பரில் தொடங்கியது, இப்போது சுவிட்சர்லாந்தில் இயங்கும் லாப நோக்கமற்ற அமைப்பு. தீங்கு செய்யும் தளங்களின் பெயருக்குப் பதிலே தராது. வங்கிப் பெயரில் வரும் போலி லிங்க்கைத் தட்டிவிடக்கூடிய பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் இதைத்தான் போடுவேன். எப்போதாவது நல்ல தளமும் அகப்பட்டுக்கொள்ளும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்காக ஆபாசத் தளங்களையும் தடுக்க வேண்டுமென்றால் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 பொருத்தம்.

வடிகட்டல் வேண்டாதவர்களுக்கு என் தேர்வு: முதல் இடத்தில் 1.1.1.1, இரண்டாம் இடத்தில் 8.8.8.8. ஒரே நிறுவனத்தின் இரு எண்களையும் போட்டால், அந்த நிறுவனம் விழும்போது இரண்டும் சேர்ந்து விழலாம். 2025 ஜூலை 14 அன்று 1.1.1.1 ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் முடங்கியபோது 1.0.0.1 என்ற அதன் துணை எண்ணும் சேர்ந்தே முடங்கியது. ஆனால் குவாட்9 அல்லது 1.1.1.3 வைத்திருப்பவர்கள் இப்படிக் கலக்கக் கூடாது. கருவி எந்த எண்ணை வேண்டுமானாலும் கேட்கும், வடிகட்டல் ஓட்டையாகிவிடும். குவாட்9க்குத் துணை எண் 149.112.112.112, 1.1.1.3க்கு 1.0.0.3.

எங்கே மாற்றுவது என்பதும் முக்கியம். ரவுட்டரில் மாற்றினால் டிவி உட்பட வீடு முழுக்கச் சேரும், அதுவே நல்லது. நிறுவனம் கொடுத்த பெட்டியில் அந்த இடம் பூட்டியிருந்தால் ஒவ்வொரு கருவியிலும் தனியாக மாற்ற வேண்டியதுதான். ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற வசதி இருக்கிறது. அதில் எண் செல்லாது, சேவையின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். அப்புறம், அந்தச் சேவையை எட்ட முடியாத வைஃபையில் போன் இணைந்தே இருக்கும், பக்கம் மட்டும் திறக்காது. அதாவது தீர்வே கோளாறாகிவிடும். போனில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் முதலில் அதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள்.

எல்லாம் மாற்றியும் பழைய டிஎன்எஸ்ஸே பதில் சொன்னால் ஐபிவி6 (புதிய, நீளமான வகை ஐபி முகவரி) அமைப்பைப் பாருங்கள். இந்தியாவில் பல இணைப்புகள் ஐபிவி6 முகவரியோடு நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸையும் சேர்த்தே கொடுக்கின்றன. அங்கே கிளவுட்ஃபிளேருக்கு 2606:4700:4700::1111, கூகுளுக்கு 2001:4860:4860::8888 என்று தனியாகக் கொடுக்க வேண்டும்.