மைக்ரோசாஃப்ட் போபோமோஃபோ: மரபுச் சீனம் தட்டச்ச எப்படி?

விண்டோஸ் 11 அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் 'சீனம் (மரபு, தைவான்)' சேர்த்தால் போதும், ஒலிக்குறிகளை அடித்துச் சீன எழுத்துகளை வரவழைக்கும் இந்த உள்ளீட்டு மென்பொருள் கூடவே வந்துவிடும். தனிச் செலவு இல்லை.

தைவான் பள்ளிகளில் கற்பிக்கும் 37 ஒலிக்குறிகள்தான் அடிப்படை. 'நீ ஹாவ்' என்ற வணக்கத்துக்கு எஸ், யு, 3, சி, எல், 3 என்று தட்ட வேண்டும்; இங்கே 3 என்பது மூன்றாம் தொனி (தொனி என்பது அசையை உச்சரிக்கும் குரலின் ஏற்ற இறக்கம்). முதல் தொனிக்கு ஸ்பேஸ் பார். தொனியை விட்டால் அசை முடியாது, குறிகள் அப்படியே தொங்கி நிற்கும். எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுக்காமல் வாக்கியம் முழுவதையும் அடித்துவிட்டுத் திருத்துங்கள். முன்பின் சொற்களைப் பார்த்து அதுவே ஓரளவு சரிசெய்துகொள்ளும். மிச்சத்துக்கு, கீழ்நோக்கிய அம்பு விசையை அழுத்திச் சரியான எழுத்தைத் தேர்ந்தெடுங்கள்; முடிவில் என்டர்.

பெரிய தொல்லை ஷிஃப்ட் விசை. கை தெரியாமல் பட்டாலும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். மறுபடி ஒரு தட்டு தட்டினால் திரும்பும்.

பின்யின் (சீன ஒலியை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறை) மட்டும் தெரிந்தவர்கள் இதன் விசைப்பலகை அமைப்பிலேயே ஹான்யு பின்யினுக்கு மாறலாம். எளிய சீனத்தில் அடித்து மரபு வடிவுக்கு மாற்றும் குறுக்குவழி வேண்டாம்: 'அனுப்பு', 'தலைமுடி' இரண்டுக்கும் எளிய சீனத்தில் ஒரே எழுத்து, மரபுச் சீனத்தில் வெவ்வேறு. ஒலியே தெரியாத எழுத்தென்றால் வடிவத்தை வைத்து அடிக்கும் சாங்ஜியே தான் கதி. ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் 5 விசை, ஆனால் பழக நாளாகும்.