நைட்ரோ காரின் ஹெட் திருகுகள்: மாற்றி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

என் நைட்ரோ பக்கியில், அதாவது நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் கண்ட்ரோல் மாடல் காரில், இருப்பது 3.5 சிசி இன்ஜின். இன்ஜினின் மேல்மூடியான கூலிங் ஹெட்டைப் பிடித்திருந்த நான்கு திருகுகளும் கூட்டல் குறித் தலை கொண்டவை. எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய் சூட்டில் காய்ந்து பிசின்போல் பிடித்துக்கொள்ளும். கழற்ற முயன்றால் திருப்புளி வழுக்கி, தலையின் பள்ளத்தைத் தின்றுவிடும். ஒன்று அப்படிப் போனதும் நான்கையும் ஆலன் திருகுகளாக மாற்றினேன்.

முதலில் துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கினேன். அது தவறான தேர்வு. நாலைந்து முறை கழற்றி மாட்டியதிலேயே ஆலன் கீ நுழையும் அறுகோணக் குழி உருண்டுவிட்டது. பிறகு போட்ட 12.9 என்ற உயர் வலிமைத் தரக் கறுப்பு எஃகுத் திருகுகள்தான் இன்றுவரை இருக்கின்றன. குழி இன்னும் கூர்மையாக இருக்கிறது.

ஆனால் அவற்றை 2 மி.மீ. நீளம் கூடுதலாக வாங்கியிருந்தேன். இறுக்கும்போது நன்றாகவே இறுகின. ஓடவிட்டால் ஐடிலிங் (நின்ற இடத்தில் இன்ஜின் மெதுவாக ஓடுவது) நிலைக்கவில்லை. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியை எவ்வளவு திருகியும் பயனில்லை. ஹெட்டைச் சுற்றி எரிபொருள் கசிந்து குமிழி விட்டபோதுதான் புரிந்தது: திருகின் நுனி துளையின் அடியில் முட்டி நின்றிருக்கிறது, ஹெட்டை அழுத்தவே இல்லை. அந்த நிலையில் இன்னும் பலம் கொடுத்திருந்தால் கிராங்க்கேஸின் (இன்ஜின் உடலின்) அலுமினிய மரை பிய்ந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. பழைய திருகைப் பக்கத்தில் வைத்து, தலைக்குக் கீழுள்ள நீளத்தை ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

இறுக்குவதற்கு முன் பிஸ்டனைக் கீழே இறக்கிவிடுகிறேன். பிஸ்டன் ஓடும் குழாயான ஸ்லீவ் மேற்பக்கம் குறுகலாக இருப்பதால், மேலே நிற்கும் பிஸ்டன் ஸ்லீவைப் பிடித்துக்கொள்ளும். முதல் சில சுற்றுகள் விரலால் மட்டும். பிறகு எதிரெதிர் மூலைகளாக, கால் சுற்றுக்கும் குறைவாக. இன்ஜின் நன்றாக ஆறியபின்தான் இறுக்க வேண்டும். எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூட்டில் இறுக்கினால் ஆறும்போது பிடி தளர்ந்துவிடும். மரையில் ஒட்டும் பசை எதுவும் போடுவதில்லை. முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் ஒருமுறை சரிபார்த்தால் போதும். ஹெட்டைத் திறக்கும்போது அடியிலுள்ள மெல்லிய ஷிம் தகடு அதனோடு ஒட்டிக்கொண்டு வரும், கவனம்.

கறுப்பு எஃகின் குறை துரு. மழைக்காலத்தில் காரைச் சும்மா வைத்திருந்தபோது இரண்டு தலைகளில் செம்மை படர்ந்தது. இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறேன். அதன்பின் துரு கூடவில்லை.