ரிங் ரோட்டில் ரீமேப் செய்த என் போலோ ஜிடி

என் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2 கார் கம்பெனியிலிருந்து வந்தபோது 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). மதுரை ரிங் ரோட்டில் உள்ள இந்தக் கடையில் ஸ்டேஜ் 1 ரீமேப் செய்தேன், அதாவது பாகம் எதையும் மாற்றாமல் இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றி பவரைக் கூட்டுவது. லேப்டாப்பை மாட்டும் முன்பே ஸ்பார்க் பிளக், டர்போ ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார் கடைக்கார அண்ணன். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் தம்பி, அதுக்குள்ளேயே நிப்பாட்டிக்குவோம்" என்றார். நம்ம ஊர் வெயிலில் இன்ஜினுக்குள் போகும் காற்று சூடாகி நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே எரிந்து இன்ஜின் தட்டுவது) வரும் என்பதால் ஸ்பார்க் அடிக்கும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் அடக்கியே வைத்தார். கப்பலூர் தாண்டி நான்குவழிச் சாலையில் லாரியை முந்தும்போது வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. கடையில் பவரை அளக்கும் டைனோ மெஷின் கிடையாது, எத்தனை பிஎஸ் கூடியது என்று கையில் ரிப்போர்ட்டும் இல்லை. இந்தக் காசுக்கு அது குறைதான். ரீமேப்புக்கு முந்தைய ஒரிஜினல் சாஃப்ட்வேர் ஃபைலை நான் கேட்காமலே பென் டிரைவில் கொடுத்தார்கள். வாரண்டி முடியாத வண்டியை மட்டும் கொண்டுபோகாதீர்கள், கம்பெனி கைவிரித்துவிடும்.