சாம்பா: மூன்று இயங்குதளங்களுக்கு ஒரே கோப்பு அலமாரி

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் பணிபுரியும் அச்சகத்தில் மூன்று வகைக் கணினிகள் இருக்கின்றன. வடிவமைப்பாளர் இருவரும் மேக்கில் வேலை செய்கிறார்கள். கணக்கும் வாடிக்கையாளர் கடிதங்களும் விண்டோஸ் 11-இல் நடக்கின்றன. பிளேட்டுக்கு (அச்சுத் தகட்டுக்கு) அனுப்புமுன் பக்கங்களைச் சரிபார்க்கும் மேசையில் உபுண்டு என்னும் லினக்ஸ் வகை இயங்குதளம் இருக்கிறது. சென்ற ஆவணி மாத முகூர்த்தக் காலத்தில் 500 திருமண அழைப்பிதழ்கள் தவறான முகூர்த்த நேரத்துடன் அச்சாகிவிட்டன. மெய்ப்பு சரியாகத்தான் திருத்தப்பட்டிருந்தது. ஆனால் திருத்திய கோப்பு விண்டோஸ் கணினியிலேயே இருக்க, இரண்டு நாள் முன்னதாகப் பென்டிரைவில் மேக்கிற்குச் சென்ற நகல் அச்சுக்குப் போய்விட்டது. மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம். மணமகளின் தந்தை அதற்குள் செரம்பானிலுள்ள உறவினர்களுக்கு நேரில் கொடுத்துவிட்ட அறுபது அழைப்பிதழ்களை மட்டும் எங்களால் திரும்பப் பெற முடியவில்லை.

ஒரு வேலைக்கு ஒரே கோப்பு, அதை எல்லாக் கணினிகளும் ஒரே இடத்திலிருந்து திறக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம். அதற்காக நிறுவிய சாம்பா என்னும் கட்டற்ற மென்பொருளைப் பத்து மாதங்களாகப் பயன்படுத்திய பின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எங்களைப் போலப் பத்துப் பேருக்குள் வேலை செய்யும் இடங்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆனால் தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் தொடங்கும் முன்பே அறிந்துகொள்ள வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. அவற்றை எந்த வழிகாட்டியிலும் நான் காணாததால் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் நெறிமுறைக்கு எஸ்எம்பி என்று பெயர். அதே மொழியை லினக்ஸ் கணினியும் பேசும்படி செய்வதே சாம்பாவின் வேலை. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிஜெல், 1991 இறுதியில், கம்பியில் ஓடும் தரவுப் பொட்டலங்களைக் கவனித்து, எந்தக் கேள்விக்கு எந்த விடை வருகிறது என்று கண்டறிந்து இதை எழுதத் தொடங்கினார். எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் அந்த வரிசையில் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்ததே இப்பெயர். ஐரோப்பிய ஆணையத்தின் முடிவையும் அதை உறுதிசெய்த நீதிமன்றத் தீர்ப்பையும் தொடர்ந்து 2007 டிசம்பரில் மைக்ரோசாப்டின் நெறிமுறை ஆவணங்கள் சாம்பா குழுவினருக்குக் கிடைக்கும் வரை, பெரும்பகுதி இப்படிக் கேட்டுக் கேட்டுக் கற்றதுதான்.

இதன் தலையாய சிறப்பு, பயன்படுத்துவோரின் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பது. விண்டோஸில் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளுடன் வழங்கியின், அதாவது கோப்புகளை வைத்திருந்து மற்றவற்றுக்குத் தரும் கணினியின், பெயரை எழுதினால் போதும். மேக்கில் கோப்பு மேலாளரான ஃபைண்டரைத் திறந்து கட்டளை விசையுடன் கே விசையை அழுத்தி அதே பெயரைக் கொடுக்கலாம். உபுண்டுவின் கோப்பு மேலாளரிலும் முகவரி எழுத இடம் இருக்கிறது. ஆப்பிள் 2013-இல் வெளியிட்ட மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து தன் கணினிகளுக்கும் எஸ்எம்பியையே இயல்பான பகிர்வு முறையாக்கிவிட்டதால், மேக்கிற்கென்று தனியே ஒரு நெறிமுறையை வைத்துக்கொள்ளும் தேவையும் இல்லை.

வழங்கிக்காக நாங்கள் புதிதாக எதுவும் வாங்கவில்லை. கணக்குப் பிரிவு கைவிட்ட பழைய கணினியில் டெபியன் 12 என்னும் லினக்ஸை நிறுவி, லோ யாட் பிளாசாவில் வாங்கிய இரண்டு வன்தட்டுகளைப் பொருத்தினோம். மென்பொருளுக்குச் செலவே இல்லை. கம்பி வழியாக 4 ஜிபி அளவுள்ள கோயில் சிறப்பு மலர் ஒன்றின் கோப்பு ஏறத்தாழ நாற்பது நொடியில் சென்று சேர்கிறது. அது ஜிகாபிட் கம்பியின் எல்லையை நெருங்கும் வேகம். வைஃபையில் அதே கோப்புக்குப் பல நிமிடங்கள் ஆயின. பெரிய படக் கோப்புகளைக் கையாளும் மேசைகளுக்குக் கம்பி இழுக்கும் சிரமத்தை யாரும் தவிர்க்கக் கூடாது.

முதல் வாரம் எளிதாக இல்லை. லினக்ஸ் கணக்கின் கடவுச்சொல்லும் சாம்பாவின் கடவுச்சொல்லும் வெவ்வேறு இடங்களில் சேமிக்கப்படுபவை என்பதை அறியாமல் அரை நாள் வீணாயிற்று. ஒருவர் உருவாக்கிய கோப்பை மற்றவர் திறக்க முடிந்ததே தவிரத் திருத்த முடியவில்லை. எல்லாரையும் ஒரே குழுவில் சேர்த்து, புதிய கோப்புகள் அந்தக் குழுவுக்கே உரியவையாகவும் குழுவினர் திருத்தத்தக்கவையாகவும் உருவாகும்படி அமைத்த பிறகே அது சரியானது. கடவுச்சொல் இல்லாமல் யாரும் நுழையும் விருந்தினர் பகிர்வை வைக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு அத்தகைய பகிர்வை இயல்பாகவே மறுத்துவிடுகிறது. மறுப்பது நல்லதே. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைத்தோம். யார் எந்தக் கோப்பைக் கடைசியாகத் தொட்டார் என்பதும் இப்போது தெரிகிறது.

இனித் தமிழ்ப் பெயர்கள்.

எங்கள் பழைய மேக் ஒன்றிலிருந்து பத்தாண்டுக் கோப்புகளை ஆர்சிங்க் என்னும் நகலெடுப்புக் கட்டளையால் வழங்கிக்கு மாற்றினோம். மறுநாள் 'கோயில்' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நின்றன. ஒன்றில் பழைய கோப்புகள் இருந்தன. மற்றது விண்டோஸ் கணினியிலிருந்து அன்று உருவாக்கப்பட்டது. கண்ணுக்கு எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பெயர்களை ஒரு கணினி எப்படி ஏற்றுக்கொண்டது என்று நெடுநேரம் தேடினோம். காரணம், எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோடில் இருக்கிறது. 'கோ' என்பதைக் ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றாகச் சேர்த்தும் எழுதலாம். ககரம், இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மேக் வன்தட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்து வந்தது. விண்டோஸ் விசைப்பலகை சேர்ந்த வடிவைத் தருகிறது. லினக்ஸோ பெயரை வெறும் பைட்டுகளின் வரிசையாகப் பார்ப்பதால் இரண்டையும் வேறு வேறு பெயர்களாகவே வைத்துக்கொள்கிறது. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் வரும் எந்தப் பெயருக்கும், கோமதிக்கும் சௌந்தர்யாவுக்கும் பொன்னுசாமிக்கும், இதே கதிதான். தேடினாலும் பாதிதான் கிடைக்கும். கன்வ்எம்வி என்னும் சிறு கருவியால் பழைய பெயர்கள் அனைத்தையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றியதும் இந்தச் சிக்கல் தீர்ந்தது. சாம்பாவின் வழியாக மேக்கிலிருந்து நேரடியாகச் சேமிக்கும் கோப்புகளில் இது எங்களுக்கு ஒருமுறையும் நேரவில்லை. வேறு வழியில் கொண்டுவந்து கொட்டுபவற்றில்தான் கவனம் தேவை.

இரண்டாவது, பெயரின் நீளம். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழில் எழுத்துக்கும் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனியே மூன்று பைட்டுகள் வேண்டும். 'அழைப்பிதழ்' என்ற ஆறெழுத்துச் சொல்லுக்கே 30 பைட்டுகள் ஆகின்றன. மணமக்கள் பெயர், தந்தையர் பெயர், மண்டபம், நாள், கடைசியில் 'இறுதித் திருத்தம்' என்று எழுதிப் பழகிய எங்கள் கணக்காளர் அக்காவின் கோப்புகள் அவருடைய விண்டோஸ் கணினியில் சேமிக்கப்பட்டு, வழங்கிக்கு வரும்போது மறுக்கப்பட்டன. விண்டோஸ் பைட்டுகளை எண்ணாமல் குறியீடுகளை எண்ணுவதால் அங்கே இந்தத் தடை இல்லை. இப்போது நாளும் மணமக்கள் பெயரும் கோப்புறைக்கு, பக்கத்தின் பெயர் மட்டும் கோப்புக்கு என்று பிரித்து எழுதுகிறோம். மேக்கில் நாளைச் சாய்கோட்டுடன் 12/5 என்று எழுதும் பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. விண்டோஸ் அந்தக் குறியைப் பெயரில் ஏற்காது.

மேக்கிற்காகச் சாம்பாவில் ஃப்ரூட் என்றொரு கூறு உண்டு. அதை இயக்கினால், புள்ளியும் அடிக்கோடும் முன்னிட்ட துணைக்கோப்புகளை மேக் ஒவ்வொரு கோப்புறையிலும் இறைப்பது நின்றுவிடுகிறது; டைம் மெஷின் காப்புநகலையும் இதே வழங்கிக்கு எடுக்கலாம். ரீசைக்கிள் என்னும் கூறு அதைவிட முக்கியம் என்பேன். வலையமைப்பு வழியாக அழிக்கும் கோப்பு எந்தக் கணினியின் குப்பைத் தொட்டிக்கும் போகாமல் அப்படியே மறைந்துவிடும். இந்தக் கூறு அதை வழங்கியிலேயே ஒரு கோப்புறைக்கு நகர்த்தி வைக்கிறது. தைப்பூசத்துக்கு மூன்று நாள் இருக்கையில், பத்துமலைத் தண்ணீர்ப் பந்தல் ஒன்றின் பதாகைக் கோப்பை அது எங்களுக்கு மீட்டுக் கொடுத்தது.

பாதுகாப்பில் சாம்பாவைக் குறையே இல்லாதது என்று சொல்லமாட்டேன். 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல் விண்டோஸின் பழைய எஸ்எம்பி முதற்பதிப்பிலிருந்த ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. அதே மாதத்தில் சாம்பாவிலும் ஒரு கடுமையான ஓட்டை வெளியாகி உடனே அடைக்கப்பட்டது. சாம்பா 2019-இல் 4.11 பதிப்பிலிருந்து அந்த முதற்பதிப்பை இயல்பாக முடக்கிவிட்டது. பழைய ஸ்கேனருக்காக அதைத் திரும்பத் திறக்குமாறு யாரேனும் கேட்டால் ஸ்கேனரை மாற்றுவதே மேல். எஸ்எம்பியின் 445-ஆம் வாயிலை (போர்ட்) ரௌட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடுவதும் எந்நிலையிலும் கூடாது. கிள்ளானிலுள்ள தம் வீட்டிலிருந்து வேலை செய்யும் வடிவமைப்பாளர் வயர்கார்டு என்னும் மறைகுறித் தடத்தின் வழியாகத்தான் இணைகிறார்; அதில் பெரிய கோப்புகள் மெதுவாகவே திறக்கின்றன.

வேறு வழிகளையும் பார்த்தோம். எக்ஸ்ஃபேட் வடிவில் அமைத்த பென்டிரைவை மூன்று இயங்குதளங்களும் படித்து எழுதும். ஆனால் நகல் பெருகும் அதே நோய் அங்கும் உண்டு. கணினிகளிலுள்ள நகல்களை ஒன்றுபோல் வைத்திருக்கும் சிங்க்திங் நல்ல மென்பொருள். ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் அது முரண்நகல் ஒன்றை உருவாக்கி வைப்பதால் எங்களுக்குப் பொருந்தவில்லை. கைப்பேசியிலிருந்து படங்களை எடுக்க மட்டும் லோக்கல்சென்ட் என்னும் செயலியை வைத்திருக்கிறோம்.

ஒருவர் வேர்டு கோப்பைத் திறந்திருக்கும்போது மற்றொருவர் திறந்தால், அது பயன்பாட்டில் இருக்கிறது என்று அறிவித்து, படிக்க மட்டும் தருகிறது. ஆவணி மாதத்து அழைப்பிதழ் வேலையில் எங்களிடம் இல்லாதிருந்தது இந்த ஓர் அறிவிப்புத்தான். இந்தப் பத்து மாதங்களில் பழைய நகல் எதுவும் பிளேட்டுக்குப் போகவில்லை. வழங்கியின் வன்தட்டு ஒன்று பழுதானால் என்ன செய்வது என்ற கவலைக்குச் சாம்பாவிடம் விடை இல்லை. அது பகிரும், காக்காது. ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் இரண்டாவது வன்தட்டுக்கு எல்லாவற்றையும் நகலெடுத்து, அதைக் கழற்றி, அச்சக உரிமையாளர் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்.